செல்போன் பேசுகிறது, பொத்தான் பேசவில்லை!

நூறு ரூபாய் நோட்டுக்கும் இருநூறு ரூபாய் நோட்டுக்கும் நீளத்தில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 4 மில்லிமீட்டர்! ஓர் அரிசியின் நீளம்கூட இல்லை. இருநூறுக்கும் ஐநூறுக்கும் அதே 4 மில்லிமீட்டர்தான். அகலமோ மூன்றுக்கும் ஒன்றே.

கண் உள்ளவர்கள் நிறத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்வார்கள். பார்வை இல்லாதவர்கள் நோட்டை விரலிடுக்கில் வைத்து அளந்து பார்ப்பார்கள். பழைய நோட்டுகளில் இது எளிது. நூறுக்கும் ஐநூறுக்கும் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அதற்குப் பிறகு வந்த நோட்டுகள் சிறுத்துவிட்டன. பல வருஷங்களாக விரல் கற்ற கணக்கு பொய்த்துப் போயிற்று. தடவிப் பார்க்க மேடான அடையாளம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நோட்டு நாலு கை மாறினால் அது தேய்ந்துவிடும்.

இந்தக் கஷ்டத்துக்குச் செல்போனில்தான் வழி பிறந்தது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, "மணி" என்ற ஆப்பை வெளியிட்டது. போனின் காமிராவுக்கு நேராக நோட்டைப் பிடித்தால் போதும். எத்தனை ரூபாய் என்று போன் வாய் திறந்து சொல்லும். ஒரு தடவை போனில் ஏற்றிக்கொண்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. செலவும் இல்லை. நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்பதை மட்டும் அது சொல்லாது!

பெட்டி போல ஒரு எந்திரம்

பேசும் கருவிகள் புதியவை அல்ல. 1976-ம் வருஷம் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் என்பவர் ஒரு படிக்கும் எந்திரத்தை வெளியிட்டார். அச்சடித்த பக்கத்தை அதன்மேல் வைத்தால் உரக்கப் படிக்கும். அது துணி துவைக்கும் எந்திரம் போலப் பெரிதாக இருந்தது. விலை பல ஆயிரம் டாலர். பாடகர் ஸ்டீவி வொண்டர் ஒன்று வாங்கினார். ஏழை எங்கே வாங்குவது?

பேசும் கைக்கடிகாரம், பேசும் கால்குலேட்டர், பேசும் காய்ச்சல்மானி என்று பல வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

2009-ம் வருஷம் நிலைமை மாறியது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டு போனிலும் திரையைப் படித்துச் சொல்லும் வசதி போனுடனேயே சேர்ந்து வந்தது. கூகுள் கம்பெனியில் இந்த வேலைக்கு முன்நின்றவர்களில் ஒருவர் டி. வி. ராமன். 14 வயதில் பார்வையை இழந்த இந்திய விஞ்ஞானி அவர்.

வழவழப்பான கண்ணாடியை, கண் தெரியாதவர் எப்படி உபயோகிப்பார்? விரலை மெள்ள நகர்த்துவார். விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைப் போன் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டுத் தட்டுவார். அது திறந்துகொள்ளும். திரையை அடியோடு இருட்டாக்கிவிட்டும் வேலை செய்யலாம். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது!

கடிகாரம், கால்குலேட்டர், படிக்கும் எந்திரம், நோட்டு பார்க்கும் கருவி எல்லாம் இப்படி ஒரே சட்டைப் பையில் அடங்கிவிட்டன. நல்ல காலம்தான். ஆனால் ஒரு குறை பாக்கி இருக்கிறது.

"பொத்தான்... பொத்தான்..."

படம் மட்டும் உள்ள பொத்தானைப் போன் எப்போதும் தானாகப் புரிந்துகொள்வதில்லை. ஆப்பைச் செய்தவர் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும். "பணம் அனுப்பு" என்று எழுதியிருந்தால் போன் அதைப் படிக்கும். எழுதாமல் விட்டால்? பல சமயம் "பொத்தான்" என்று மட்டும் சொல்லும். அடுத்ததற்குப் போனால் அதுவும் "பொத்தான்"தான்!

எது பணம் அனுப்பும் பொத்தான்? எது ரத்துச் செய்யும் பொத்தான்? ஒன்றை அழுத்தித்தான் பார்க்க வேண்டும். சொந்தப் பணத்தை வைத்து ஒருவர் கண்ணாமூச்சி ஆட முடியுமா? கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கிறார். ரகசிய எண்ணையும் சொல்ல வேண்டியதாகிறது. தாமே செய்துகொள்ளட்டும் என்று வந்த கருவி, மறுபடி இன்னொருவர் கையை எதிர்பார்க்க வைக்கிறது. பெயர் எழுதுவது பெரிய வேலையும் அல்ல. பொத்தானுக்கு இரண்டு வார்த்தை. அதைக்கூடச் செய்யாதது அலட்சியம் அன்றி வேறென்ன?

கடைகளில் உள்ள கார்டு எந்திரமும் இதே வழியில் போகிறது. பழைய எந்திரத்தில் 5 என்ற பொத்தான்மேல் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைத் தொட்டு மற்ற எண்களைக் கண்டுகொள்ளலாம். இப்போது பல இடங்களில் வெறும் கண்ணாடி. புள்ளியும் இல்லை, பொத்தானும் இல்லை.

இந்த அலட்சியம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. வங்கிக் கணக்குத் தொடங்க, "காமிராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று போன் கேட்டது. பார்வை இல்லாதவரும், ஆசிட் வீச்சில் முகம் வெந்தவர்களும் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 30-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். இம்மாதிரி மின்னணுச் சேவைகளை எட்டுவதும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். 20 உத்தரவுகளையும் போட்டார்கள்.

உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. பொத்தானுக்குப் பெயர் வைக்காத ஆப்பை வெளியிடவே விடக்கூடாது. அதுவரை பழைய கருவிகளைக் குப்பையில் போடச் சொல்வதும் நியாயம் அல்ல. ஒரே பொத்தானை அழுத்தினால் மணி சொல்லும் கடிகாரம், வயதான பாட்டிக்கு இன்றும் சௌகரியம்தான். செல்போனில் சார்ஜ் தீர்ந்தால் கடிகாரமும் கால்குலேட்டரும் சேர்ந்து ஊமையாகிவிடும் அல்லவா?

வங்கிகள் அடுத்த தடவை புதிய ஆப் வெளியிடும்போது, ஒரு காரியம் செய்யலாம். மேனேஜர் தம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, அதில் நூறு ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும்.