சூடேறிய எஞ்சினும் அவசரத் தீர்ப்பும்

பழைய லொறியின் எஞ்சின் ஒருமுறை கொதித்து நின்றுவிட்டால் போதும், "இனி இது சரிவராது, மாற்றிவிடுங்கள்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகின்றது. ஹெட்டைக் கழற்றிப் பார்க்குமுன் வழங்கப்படும் இத்தீர்ப்பை லொறிக்காரர் ஏற்கவேண்டியதில்லை என்பதே எனது கருத்து.

கொதிப்பில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஹெட் காஸ்கெற். எஞ்சின் ஒயில் பால்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஹெட் சிறிது வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சீவிச் சமப்படுத்தலாம். லைனர், பிஸ்ரன் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றலாம். புளொக்கில் வெடிப்பு விழுந்திருந்தால்தான் வேறு எஞ்சினைப் பற்றிப் பேசவேண்டும்.

2020இல் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் வழமைக்குத் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் மரக்கறியும் மீனும் சந்தைக்கு வந்தது பழைய லொறிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்களால் அன்றோ?

யப்பானில் பாவித்துக் கழித்த எஞ்சினை வாங்குவோர், அதுவும் முன்னர் கொதித்ததா என்பதை யாரிடம் கேட்பது? மாற்றினால் பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றவேண்டும். விற்பவர்கள் இதனைச் சொல்வது குறைவு.

எதைச் செய்தாலும், றேடியேற்றரின் அடைப்பை அகற்றாமல் விட்டால், மாற்றிய எஞ்சினும் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதிக்கும்.