சுமந்தவர் பெயர் எங்கே?

2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அச்சிகரம் ஏறிய முதல் இலங்கையர் அவரே. அத்துணிவைப் போற்றுவோம். ஆயினும், வழிகாட்டிகளோடு செல்லும் இத்தகைய பயணங்களை "மலையை வென்ற கதை" என்று வகுப்பறையில் சொல்லிவிட்டால் போதுமா? பனியில் கயிறு கட்டியவர் யார்? கூடாரமும் பிராணவாயுக் குப்பிகளும் சுமந்தவர் யார்?

2014 ஏப்ரல் 18இல் கும்பு பனிச்சரிவில் மடிந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளரே. அவர்தம் குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய்! ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், ஏற மறுத்தனர். அவர்கள் சுமக்காதபோது நேபாளப் பக்கத்துப் பயணங்கள் அநேகமாக அனைத்தும் அவ்வாண்டு நின்றுபோயின. மலையை யார் ஏற்றுகிறார் என்பது அன்று உலகுக்கு விளங்கியது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து மாணவனுக்கு இது புதிய பாடமன்று. கொழுந்துப் பாரத்தைத் தலைக்கயிற்றில் தாங்கிச் சரிவேறும் தாயை அவன் அறிவான். ஷெர்ப்பாவும் நெற்றிப்பட்டையில்தான் சுமை தாங்குகிறான். 1953இல் டென்சிங்கின் பெயரை உலகம் அறிந்தது. மற்றவர் பெயர்?

ஆசிரியர்களே, சிகரம் 8,849 மீற்றர் என்று கற்பியுங்கள். அதனோடு, அதன் சுமை யார் முதுகில் ஏறியது என்பதையும் கற்பியுங்கள்.