தார்ச்சாலையில் ஓடும் தார்

நம்மவர் இல்லங்களில் இப்போது ஜீப் வகை வண்டிகளின்மீது ஆசை மிகுந்துள்ளது. முன்பணம் கட்டுமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம்: ஆண்டில் எத்தனை நாள் தாரில்லாத பாதையில் செல்லப்போகிறோம்? கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பொங்கலுக்குப் போய்வரப் பின்சக்கரம் மட்டும் இயங்கும் வண்டியே போதும். பொன்முடியின் 22 கொண்டையூசி வளைவுகளும் தார்ச்சாலையே.

தோற்றத்தைக் கண்டு துணியலாகாது. 2024 ஆகஸ்ட் 15-இல் மகிந்திரா தார் ராக்ஸ் வெளிவந்தபோது, பெட்ரோல் வகைக்கு நான்கு சக்கர இயக்கமே இல்லை. டீசலில் சில தரங்களுக்கு மட்டும் இருந்தது. 2023-இல் வந்த மாருதி ஜிம்னியிலோ விலை குறைந்த ஸீட்டாவிலும் அது உண்டு. ஆல்ஃபாவுக்கென மிகுதியாகக் கொடுப்பது அலாய் சக்கரம், பெரிய திரை முதலியவற்றுக்கே. பழவங்காடி நெரிசலில் நாள்தோறும் ஊர்பவர்க்குத் தானியங்கி கியர் பெரிய ஆறுதல். ஆனால் ஜிம்னியில் அதற்கு நான்கே கியர். நெடுஞ்சாலையில் எஞ்சின் இரைச்சல் மிகும்.

மூன்று கதவுத் தாரில், முன்னிருக்கையை மடித்தே பின்னே ஏறவேண்டும். மூட்டுவலியுள்ள பாட்டி இருக்கும் வீட்டுக்கு அது ஏற்றதன்று என்றே கருதுகிறோம்.

டயரில்தான் நம் இளைஞர் பெரிதும் மயங்குகின்றனர். சேற்றுக்கென அமைந்த பெருங்கட்டை டயர், நனைந்த தார்ச்சாலையில் பிடி குறைந்து, வண்டி நிற்கும் தூரத்தை நீட்டிவிடும். இடவப்பாதி மழை கொட்டும் ஊரில் இது விளையாட்டன்று. குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் உடையவர்க்கும், இருவகைப் பாதைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர் பெரும்பாலும் போதும். அளவை மீறிய சக்கரம் பூட்டுவோர்க்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு காத்திருக்கிறது. விபத்து நேரின் காப்பீட்டாரும் கேள்வி எழுப்புவர்.