கியர்பொக்ஸ் போகவில்லை, ஒரு வொஷர்தான் போயிருக்கு

"கியர்பொக்ஸ் போச்சு." மட்டக்களப்பில் கார் வைத்திருக்கிற எந்த வீட்டையும் இரண்டு நாள் நித்திரை இல்லாமல் ஆக்க இந்த ரெண்டு சொல்லுப் போதும். கராஜில் ஒருவர் காருக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே இதைச் சொல்வார். வாகனத்தின் சொந்தக்காரர் தலையை ஆட்டுவார். என்ன ஒழுகுது, எங்கேயிருந்து ஒழுகுது எண்டு கேட்கிறவர்கள் குறைவு. கேட்டாலும் விளங்கிக்கொள்ள அடிப்படை வேணும், அது எங்களில் பலருக்கு இல்லை.

எங்கட கட்சி இதுதான்: காருக்குக் கீழே ஒயில் சொட்டினால், அதை கராஜுக்குக் கொண்டு போகிறதுக்கு முதல், அது என்ன எண்ணெய், எந்த இடத்திலிருந்து வருது என்கிற இரண்டு கேள்விக்கும் வீட்டிலேயே பதில் கண்டுபிடிக்க வேணும். கண்டுபிடிக்கலாம். அதுக்கு எஞ்சினியர் ஆகத் தேவையில்லை. திருத்துகிற வேலையை வீட்டில் செய்யலாமா என்பது வேறு கேள்வி. அதில் எங்களுக்கே பாதிக்குப் பாதி "வேண்டாம்" எண்டுதான் பதில் கிடக்கு.

இப்ப ஏன் இது பெரிய விசயம் எண்டால், எங்கட வீதிகளில் ஓடுற ஒட்டோமெட்டிக் கார்களின் வயதைப் பாருங்கள். 2015ஐ ஒட்டிய வருடங்களில் வந்த வெகன் ஆர், ஃபிட், விட்ஸ், அக்குவாதான் கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திரும்பத் திறந்தது. நடுவில் 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரைக்கும் பாய்ந்தது. உதிரிப்பாக விலையும் அதுக்குப் பின்னாலேயே ஏறியது. மாற்று வாகனம் வாங்க ஏலாமல், பத்து வயதைத் தாண்டிய காரையே லீசிங் கட்டிக்கொண்டு, ஹயர் ஓடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சனம் சமாளிக்குது. பத்து வருசத்தில் இறப்பர் சீல் காய்ந்து இறுகும். அது கியர்பொக்ஸ் செத்ததுக்கு அடையாளம் இல்லை, இறப்பருக்கு வயது போனதுக்கு அடையாளம்.

எங்கட குழுவில் ஒருவருடைய வீட்டுக் காருக்கு போன வருசம் ஒரு கராஜில் "ஓவர்ஹோல் பண்ண வேணும், ஒன்றரை லட்சத்துக்குக் கிட்டப் போகும்" எண்டு சொன்னார்கள். பெயர் வேண்டாம். காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கீழ்ப்பக்கத்தைத் துடைத்து, இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். எண்ணெய் வடிக்கிற நட்டுக்கு (வடிநட்டு எண்டு சொல்லுவம்) அடியில் இருக்கிற மெல்லிய அலுமினிய வொஷர்தான் காரணம். முந்தின சேர்விசில் அதை மாற்றாமல் பழசையே திருப்பிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்த வொஷர் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை ஒட்டாது. சாமான் விலை இருநூறு ரூபாவுக்கும் கீழே.

இதைச் சொல்லி மெக்கானிக் பாஸ்மாரை எல்லாம் கள்ளர் ஆக்குறதுக்கு நாங்கள் வரவில்லை. புத்தகம் இல்லாமல், கணினிச் சாதனம் இல்லாமல், கேட்டும் பார்த்தும் பழகின கைவேலையால்தான் இந்த ஊர் வாகனங்கள் ஓடுது. ஆனால் பாஸுக்கும் அவசரம். ஐந்து கார் வரிசையில் நிற்கும்போது, ஒழுக்கை ஆறுதலாகத் தேடிப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. அந்த நேரம் இருக்கிறது வாகனத்தின் சொந்தக்காரரிடம், இராத்திரி முழுக்க.

சரி, எப்படித் தேடுறது? முதலில் பயத்தை ஒதுக்க வேணும். வெயில் காலத்தில் ஏசி போட்டு ஓடின கார் தண்ணி சொட்டும், சுத்தமான தண்ணி. அதில் பிரச்சினை ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக் கலங்கி கராஜுக்கு ஓடின ஆட்களும் உண்டு.

இரவில் காரை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய கடதாசி மட்டையை விரியுங்கள். டிவிப் பெட்டியைப் பிரித்தால் நல்ல அளவு. முன் ரயர் இரண்டும் நிற்கிற இடத்தை மட்டையில் பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். விடிய மட்டையை இழுத்துப் பார்த்தால், சொட்டு விழுந்த இடமும் நிறமும் கையில். கறுப்பும் மண்ணிறமும் எஞ்சின் ஒயில். தெளிந்த மஞ்சளாக, சில்லுப் பக்கத்தில் விழுந்திருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியெண்டால் அந்தக் காரை எடுக்கவே வேண்டாம். சிவப்பு எண்டால் கியர்பொக்ஸ் எண்ணெய். பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் அதே சிவப்பு எண்ணெய்தான் போகும், ஆனால் நாங்கள் மேலே சொன்ன கார்களில் ஸ்டியரிங் மின்சாரத்தில் வேலை செய்யுது, அதனால் அந்தச் சந்தேகம் இல்லை. சிவிடி கியர்பொக்ஸ் எண்ணெய் பச்சை நிறத்திலும் வரும். சிவப்பு இல்லை எண்டதுக்காக கியர்பொக்ஸ் இல்லை எண்டு முடிவு கட்டக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கு. டொயோட்டா கார்களின் ரேடியேட்டருக்குப் போகிற கூலன்ட் இளஞ்சிவப்பு. புது கியர்பொக்ஸ் எண்ணெய் மாதிரியே தெரியும். ஒரு சாசரில் தண்ணி வைத்து அந்தச் சொட்டை விடுங்கள். எண்ணெய் மிதக்கும், கூலன்ட் கரையும். விரலில் தேய்த்தாலும் வித்தியாசம் விளங்கும். நக்கிப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கூலன்ட் இனிக்கும், நஞ்சு. பூனை, நாய், சின்னப் பிள்ளைகள் கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு அடுத்தது மணம். சிவப்பு மங்கி மண்ணிறமாவது வயதுக்கு இயல்பு. கருகின மணம் அடித்தால் உள்ளே கிளச் தட்டுகள் வெந்திருக்கு எண்டு அர்த்தம். அப்போது ஒழுக்கை அடைத்தாலும் கதை முடியாது. எண்ணெய் பால் கலந்த றோஸ் நிறத்தில் இருந்தால் தண்ணி போயிருக்கு. இது எங்கட ஊருக்கே உரிய வருத்தம். 2024 நவம்பர் கடைசி வெள்ளம் மாதிரி மாரியில் வீதி நிறைந்து நிற்கும்போது, மூச்சு விடுறதுக்காக கியர்பொக்ஸின் மேலே வைத்திருக்கிற சின்னக் குழாய் வழியாகத் தண்ணி உள்ளே போகும். வெள்ளத்தில் ஓடின காரின் எண்ணெயை உடனே பார்க்காமல் விட்டால் தை மாதம் அழ வேண்டி வரும்.

எங்கேயிருந்து எண்டு பார்க்கிறதுதான் பொறுமையான வேலை. எண்ணெய் கீழே இறங்கும், ஓடும்போது காற்றில் பின்னாலேயும் பரவும். சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடம் இல்லை. அதனால் முதலில் முழு அடிப்பாகத்தையும் துடைத்துக் காய விட வேணும். காய்ந்த பிறகு குழந்தைப் பவுடரைத் தூவி, கல்லடிப் பாலம் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடி வாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் நனைந்த கோடு பளிச்செண்டு தெரியும். அந்தக் கோட்டை மேலே மேலே பின்தொடர்ந்து, எல்லாத்திலும் உயரமான ஈரத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் வாய். தட்டின் விளிம்பு எண்டால் காஸ்கட். சில்லுக்குப் போகிற தண்டு நுழைகிற இடம் எண்டால் ஒயில் சீல். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்கிற இடத்திலிருந்து சிவப்பு வந்தால் உள் சீல், அதுக்கு கியர்பொக்ஸை இறக்க வேணும். அதே இடத்தில் மண்ணிறமாக வந்தால் அது எஞ்சின் பின்சீலாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகினால் அழுத்தத்தில் இருக்கிற குளிர்விக்கும் குழாயைச் சந்தேகியுங்கள்.

எழுவான்கரையில் இந்தக் குழாய்தான் முதலில் போகும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உப்புக் காற்றில் நிற்கிற காரின் இரும்புக் குழாய்கள் மெல்ல மெல்ல அரிபடும். படுவான்கரைப் பக்கம் வேறு கதை. 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கார்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சும்மா போய் வருது, முந்தி ஓடத்துக்குக் காத்து நின்ற இடம் அது. ஆனால் பாலம் தாண்டி உள்ளே போனால் கிரவல் பாதை. கல் அடித்துத் தட்டு நெளிஞ்சு விளிம்பால் கசியும்.

இனித் திருத்தம். வடிநட்டு வொஷர் மாற்றலாம். குழாயின் கிளிப் இறுக்கலாம், வெடித்த இறப்பர்க் குழாய் மாற்றலாம். கொஞ்சம் கை பழகினவர்கள் தட்டின் காஸ்கட்டும் மாற்றலாம், ஆனால் அதில் எங்கட ஆம்பிளைகளின் ஒரு வியாதி குறுக்கே வரும். ஒழுகினால் இன்னும் இறுக்குவது. அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குத் தேவை பத்து நியூட்டன் மீட்டருக்கு உட்பட்ட விசை, மணிக்கட்டால் இறுக்குகிற அளவு. முழுக் கையால் இறுக்கினால் காஸ்கட் பிதுங்கி, தட்டு வளைந்து, முந்தியைவிடக் கூட ஒழுகும். குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேணும்.

தண்டுச் சீல், உள் சீல், சிவிடியின் உள் வேலை எதையும் வீட்டில் தொட வேண்டாம். ஒழுகின எண்ணெயைத் திருப்பி நிரப்புறதிலும் கவனம். பல சிவிடி கார்களில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கே இல்லை. குறித்த வெப்பத்தில் எஞ்சினை ஓட விட்டு, பக்கத்து நட்டைக் கழற்றி, வழிகிற மட்டம் பார்க்க வேணும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் நுரைத்துக் கேடு. "எல்லாத்துக்கும் பொருந்தும்" எண்டு விற்கிற சிவப்பு எண்ணெயை சிவிடிக்குள் ஊற்றினால் உள்ளே இருக்கிற இரும்புப் பெல்ட் வழுக்கித் தேயும். அக்குவாவில் அந்தப் பெல்ட்டே இல்லை, அதுக்கு வேறு எண்ணெய். கார்ப் புத்தகத்தில் எழுதின பெயரைக் காட்டி வாங்குங்கள். ஒழுக்கை நிறுத்தும் எண்டு போத்தலில் விற்கிற மருந்து காய்ந்த இறப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும், அவ்வளவுதான். சில மாதம் விற்றுத் தள்ளுகிறவனுக்கு உதவும். வாங்குகிறவன் பாவம்.

காருக்குக் கீழே போகிறதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கு. ஜாக்கை மட்டும் நம்பி ஒருத்தரும் கீழே படுக்கக் கூடாது. கல்லடி, நாவலடி, முகத்துவாரம் எல்லாம் மணல். ஜாக் ஒரு பக்கம் புதையும், கார் சரியும். தடித்த பலகை வைத்து, இரும்புத் தாங்கி இரண்டு போட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே கொடுக்கிறது. சீமெந்துக் கல்லை அடுக்கித் தாங்கி ஆக்குகிற பழக்கம் இருக்கு. அந்தக் கல் எச்சரிக்கை தராமல் உடையும். இரும்புத் தாங்கி வாங்கக் காசில்லை எண்டால் மட்டை விரித்துப் பார்க்கிறதோடு நின்று, மிச்சத்தை கராஜில் செய்யுங்கள். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே கூடாது. ஓடி வந்த உடனே எண்ணெய் கொதிக்கும், ஆற விடுங்கள்.

எங்கட குழுவின் பெண் தோழிகளிடம் இதைப் பற்றிக் கேட்டபோது வந்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "புள்ள, உனக்கு இது விளங்காது, அப்பாவைக் கூட்டிட்டு வா" எண்டு கராஜில் சொல்லுவாங்களாம். கார் அவருடைய பெயரில், லீசிங் அவருடைய சம்பளத்தில். இப்போது அவர் போகும்போது மட்டையையும் கொண்டு போகிறார். "பாஸ், சிவப்பு எண்ணெய், இடது பக்கத் தண்டுச் சீலால வருது, எண்ணெயில கருகின மணம் இல்ல. சீலுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு?" இப்படிக் கேட்டால் கதை ஓவர்ஹோலுக்குப் போகாது. அப்பாவும் தேவைப்படவில்லை.

தமிழில் இதை வாசிக்க இடம் குறைவு என்பதும் உண்மை. பொனற்றுக்குள் ஒட்டியிருக்கிறது ஜப்பான் எழுத்து. கார்ப் புத்தகமும் அப்படியே வந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் எங்கட ஊரில் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் எந்த எண்ணெய், மட்டம் எப்படிப் பார்க்கிறது எண்டு ஒரு பக்கம் அளவில் எழுதித் தந்தால் நாங்கள் போடத் தயார்.

கடைசியாக, வடித்த எண்ணெய். நாலு லீற்றர் வரும். அதை எங்கே ஊற்றுறீங்கள்? வேலிக் கட்டைக்குக் கறையானுக்கு எண்டு பூசுறது ஒரு பழக்கம், வளவு மூலையில் குழி தோண்டி ஊற்றுறது இன்னொன்று, வடிகானில் விடுறது இன்னொன்று. எங்கட மணலில் நிலத்தடி நீர் கைக்கெட்டுகிற ஆழத்தில் கிடக்கு. குழியில் ஊற்றினது கிணற்றுக்கு வரும். வடிகானில் விட்டது வாவிக்குப் போகும், இறாலும் நண்டும் அங்கேதான் வளருது, தோணிக்காரர் வலை போடுறதும் அங்கேதான். ஒரு காரின் ஒருமுறை ஒயில் மாற்றத்தில் வடிகிற எண்ணெய் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்கு. வெறும் கானில் ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். அப்படிச் சேர்க்கிற இடத்தைத் தேடி ஒருத்தர் பாலம் தாண்டிப் போக வேண்டியிருந்தால், அவர் வடிகானைத்தான் தேடுவார். ஆகவே மாநகரசபையும் பிரதேச சபைகளும் சந்தைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பீப்பா வைக்க வேணும். இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்.