திரையில் எரியும் அறை எண்ணுக்கு யார் ஓடுவது?

தனியார் மருத்துவமனைகளின் புதிய கட்டடங்களில், வார்டு நடைபாதையின் கூரையிலிருந்து ஒரு திரை தொங்குவதைப் பார்க்கலாம். கட்டிலருகே உள்ள பொத்தானை நோயாளி அழுத்தியதும் அதில் அறை எண் எரியும். கூடவே மணியும் ஒலிக்கும். செவிலியர் அந்த அறைக்குள்ளேயே போய் ரத்து செய்தால்தான் எண் மறையும். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால், வார்டில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் இந்தத் திரையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இந்தச் சிக்கல் பழையது. 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான இல்லமொன்றைப் பொறுப்பேற்ற ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மணி அடித்தால் மட்டும் போதாது என்றார். அடித்தது யார் என்று காட்ட ஒரு மூடி திறக்க வேண்டும், செவிலியர் வந்து பார்க்கும்வரை அது திறந்தே இருக்க வேண்டும் என்று கேட்டார். பின்னாளில் அறை வாசல் விளக்கு அந்த வேலையைச் செய்தது. இப்போது திரை செய்கிறது.

வாசல் விளக்கு இருக்கும்போது திரை எதற்கு? நடைபாதை திரும்பும் இடத்துக்கு அப்பால் எரியும் விளக்கு கண்ணில் படாது. செவிலியர் மேசையில் உள்ள பலகையைப் பார்க்கவோ, அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரவுப் பணியில் அந்த நாற்காலிக்கு ஆள் ஏது? இருக்கும் ஒருவரும் எங்கோ ஊசி போட்டுக்கொண்டோ டிரிப்ஸ் மாற்றிக்கொண்டோ இருப்பார். உட்கார நேரமில்லாமல் நடந்துகொண்டே இருப்பவருக்காகச் செய்யப்பட்ட கருவி இது. அந்த வகையில் நேர்மையான கருவி என்றே சொல்வேன்.

ஜெர்மனியில் இதற்கென்றே டிஐஎன் விடிஇ 0834 என்ற தரவிதி இருக்கிறது. வாசலில் சிவப்பு எரிந்தால் அழைப்பு, வெள்ளை எரிந்தால் கழிப்பறை, பச்சை எரிந்தால் செவிலியர் உள்ளே இருக்கிறார். அறைக்குள் நுழைந்ததும் அவர் வருகைப் பொத்தானை அழுத்துகிறார். அதன்பின் வேறு அறையிலிருந்து வரும் அழைப்பு, அவர் நிற்கும் அறையிலேயே ஒலிக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால், அதே ஜெர்மனி 2019-இல் கொண்டுவந்த குறைந்தபட்ச வரம்பின்படி, விபத்து அறுவை சிகிச்சை வார்டில் ஒரு செவிலியருக்குப் பகலில் 10 நோயாளிகள், இரவில் 20 பேர். இரண்டு எண்கள் ஒன்றாக எரிந்தால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குத் தரவிதியில் மருந்து இல்லை.

நம் அரசு மருத்துவமனைகளின் பொது வார்டில் அழைப்பு மணி என்பது கூட இருக்கும் உறவினர்தான். “சிஸ்டர், டிரிப்ஸ் முடியப்போகுது” என்று ஓடிவரும் அம்மாவோ மகனோ இல்லாவிட்டால் நோயாளியின் பாடு திண்டாட்டம். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. வார்டுக்குள் ஓர் இரவு தங்கியவர்களுக்கு அந்தக் கணக்கின் கதி தெரியும். தேர்வெழுதி 2015-இல் ஒப்பந்தப் பணிக்கு வந்த செவிலியர்கள், 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராடத் திரண்டபோது அவர்களுடைய மாத ஊதியம் 7,700 ரூபாய். திரை ஒருமுறைச் செலவு. திறப்பு விழாவில் காட்டலாம். செவிலியர் மாதாமாதம் சம்பளம் கேட்பவர். நிர்வாகங்களுக்கு முதலாவது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

அழைப்புகளில் எத்தனை, மணி அடிக்கும் முன்பே தீர்க்கக்கூடியவை? அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளின் 27 பிரிவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. வலி இருக்கிறதா, கழிப்பறை போக வேண்டுமா, படுத்திருப்பது சரியாக இருக்கிறதா, தண்ணீர் கைக்கு எட்டுகிறதா என்று மணிக்கொருமுறை தாங்களாகவே போய்க் கேட்ட பிரிவுகளில் அழைப்புகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. நோயாளிகள் கீழே விழுவது ஏறத்தாழ பாதியானது. திரை அமைதியாக இருக்கும் வார்டுதான் நல்ல வார்டு. ஆனால், மணிக்கொருமுறை சுற்றிவரவும் ஆள் வேண்டுமே!

திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. அறை எண்ணும் அழைப்பின் வகையும் போதும். பெயரும் நோயும் வழிப்போக்கர்கள் படிப்பதற்கல்ல. கழிப்பறையில் விழுந்தவர் இழுத்த கயிறும் தண்ணீர் கேட்டவரின் பொத்தானும் ஒரே ஓசையில் ஒலித்தால், நாளடைவில் இரண்டுமே காதில் விழாது. மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கை ஒலி தொடர்பாக 2009 முதல் 2012 வரை தனக்குத் தெரிவிக்கப்பட்ட 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தவை என்று அமெரிக்காவின் மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013-இல் எச்சரித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களுள் ஒன்று, ஓயாத ஒலியால் மரத்துப்போன காதுகள்.

இந்த அமைப்புகள் பலவற்றில், பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது, செவிலியர் எப்போது நுழைந்தார் என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. அதை வைத்துச் செவிலியருக்கு மெமோ கொடுப்பது எளிது. அப்படிக் கொடுத்தால் அவர் ஓடிப்போய் ரத்து செய்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவார். எண் அணையும், நோயாளியின் தேவை அப்படியே கிடக்கும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்த அவலங்களை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ் குழுவிடம், எவ்வளவு அழைத்தும் ஆள் வரவில்லை என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அங்கே மணிக்குக் குறைவில்லை. பணத்தை மிச்சம்பிடிக்க ஆட்களைக் குறைத்திருந்தார்கள்.

ஆகவே தரச்சான்றுக்கு ஆய்வு செய்ய வருபவர்கள் திரை எரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதோடு நிற்கக் கூடாது. கடந்த மாதப் பதிவையும் ட்யூட்டி ரோஸ்டரையும் அருகருகே வைக்கச் சொல்ல வேண்டும். அதிகாலை 2 மணிக்கு எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர், கழிப்பறை அழைப்பு எத்தனை நிமிடம் காத்திருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். அந்தப் பதிவு நிர்வாக அலுவலகக் கணினிக்குள் முடங்காமல் செவிலியர் கண்காணிப்பாளரின் கைக்கும் வர வேண்டும். கூடுதல் ஆள் கேட்டு அவர் எழுதும் கடிதத்தோடு அதையும் இணைத்து அனுப்பட்டும்.