காய்ச்சல் விட்ட பின்னும் கண் விழித்திருங்கள்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால் அவ்வீட்டின் நடமாட்டமே மாறிவிடுகின்றது. அடுப்படியில் கொத்தமல்லி அவிகின்றது. அறையின் யன்னல்கள் சாத்தப்படுகின்றன. நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பாராத கை அவ்வீட்டில் இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நோயாளி வியர்த்து, உடல் ஆறிக் கிடக்கும்போது, "காய்ச்சல் விட்டுப்போச்சு பிள்ளை, இனிப் பயமில்லை, நீயும் கொஞ்சம் படு" என்று ஆச்சி சொல்ல, இரவிரவாக விழித்திருந்த தாயும் தலையைச் சாய்க்கின்றாள். பெரும்பாலான காய்ச்சல்களில் ஆச்சியின் வாக்குப் பொய்ப்பதில்லை. ஆனால் இன்று நம் நாட்டிற் பெருகியிருக்கும் ஒரு காய்ச்சலில், ஆபத்துத் தொடங்குவதே அந்த வேளையிலேதான்.

ஆகவே, உடலிற் சூடு ஏறுவதும் இறங்குவதும், நோவு எழுவதும் தணிவதும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை, நோயாளியைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். இது வைத்தியருக்கும் தாதிமாருக்கும் மட்டும் உரிய கல்வியன்று. நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் வீட்டாரே அல்லரோ?

உடற்சூட்டை அளக்கும் வழக்கத்தை நோயாளியின் படுக்கையருகே நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து வைத்தியராகிய கார்ல் வுண்டர்லிக் ஆவார். ஏறக்குறைய 25,000 நோயாளரை அளந்து அவர் 1868-ல் வெளியிட்ட நூலே 37 பாகை செல்சியஸ், அதாவது 98.6 பாகை பரனைற், என்னும் இலக்கத்தை உலகெங்கும் பரப்பியது. ஆயினும் அது மாறாத எல்லைக்கோடு அன்று. ஆரோக்கியமானவர்களிடையே அமெரிக்காவில் நடத்தப்பெற்று 1992-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சராசரி 98.2 பாகை பரனைற் என்று கண்டது. ஒரே மனிதரின் உடற்சூடு விடியற்காலையிற் குறைந்தும் பிற்பகலிற் கூடியும் இருப்பதும் இயல்பே. எனவே இலக்கத்தை மட்டும் பார்த்து அஞ்சுவதும் தகாது. இலக்கத்தை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவதும் தகாது.

உடற்சூட்டை ஆள்வது மூளையின் அடிப்பாகத்தில் அமைந்துள்ள ஐப்போதலமசு என்னும் சிறு பகுதி. மின்சார இஸ்திரிக்கைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். திருகியை எந்த அளவில் வைக்கின்றோமோ, அந்த அளவுக்குப் பெட்டி சூடேறித் தானே நின்றுகொள்ளும். ஆறினால் மீண்டும் சூடேறும். நம் உடலிலும் அத்தகைய திருகி ஒன்று உண்டு. கிருமிகள் புகுந்ததும், அவற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் சில இரசாயனத் தூதுகளை அனுப்புகின்றன. அவற்றின் விளைவாக மூளையில் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, திருகியை மேலே திருப்பிவிடுகின்றது. அளவு 39-க்கு உயர்ந்துவிட்டது. உடலோ இன்னும் 37-ல் நிற்கின்றது. ஆகவே உடல் தன்னைக் குளிர்ந்ததாகவே கருதுகின்றது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, கைகால்கள் சில்லிடுகின்றன, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. உடல் கொதிக்கப் போகும் வேளையில் நோயாளி "குளிருது, போர்த்து விடுங்கோ" என்று கேட்பதன் காரணம் இதுவே. பின்னர் திருகி கீழே இறங்கும்போது குழாய்கள் விரிந்து, வியர்வை பெருகி, சூடு வெளியேறுகின்றது.

இதனை அறிந்தால் பராமரிப்பு எளிதாகும். நடுங்கும்போது போர்வை கொடுங்கள். நடுக்கம் நின்று உடல் கொதிக்கும்போது போர்வையை நீக்கி, மெல்லிய பருத்தி உடை உடுத்தி, யன்னலைத் திறந்துவிடுங்கள். வியர்க்கும்போது துடைத்து, நனைந்த உடையையும் விரிப்பையும் மாற்றி, நீராகாரம் கொடுங்கள். காய்ச்சற்காரரின் மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றுதல் வேண்டாம். அது மீண்டும் நடுக்கத்தை எழுப்பி அவரை வருத்தும். விரும்பினால் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்துவிடலாம். ஆனால் கடும் வெயிலில் வேலை செய்து, உடல் கொதித்து, புத்தி தடுமாறி விழுந்தவரின் நிலை வேறு. அங்கே திருகி உயரவில்லை. சூட்டை வெளியேற்றும் வல்லமையே தோற்றுவிட்டது. அவருக்குக் குளிசையாற் பயனில்லை. நிழலிற் கிடத்தி, குளிர்ந்த நீரால் உடனே உடலை ஆற்றிக்கொண்டே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

இனி நோவைப் பார்ப்போம். காய்ச்சலோடு தலையிடியும் மூட்டு நோவும் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. மூளையிலே சூட்டை உயர்த்தும் அதே புரொஸ்ரகிளாண்டின், அழற்சி கண்ட இடங்களிலே நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடுகின்றது. மற்ற நாட்களில் நோகாத தொடுகையும் அப்பொழுது நோகின்றது. அஸ்பிரின் இப்பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றது என்பதை 1971-ல் ஆங்கில விஞ்ஞானி ஜோன் வேன் எடுத்துக்காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். பரசிற்றமோல் பெரும்பாலும் மூளையிலும் முண்ணாணிலும் தொழிற்பட்டு, காய்ச்சல், நோவு ஆகிய இரண்டையும் தணிக்கின்றது. இங்கே ஒன்றை மறவாதீர்கள்: குளிசை திருகியைச் சிறிது நேரம் கீழே இறக்குகின்றதேயன்றி நோயை மாற்றுவதில்லை. குளிசை கொடுத்து ஒரு மணித்தியாலம் கழிய அளந்து பார்த்துவிட்டு, "சுகம் வந்துவிட்டது" என்று முடிவு செய்தல் தவறு.

மருந்தின்றியும் நோவைத் தணிக்கலாம். அடிபட்ட முழங்காலைத் தாய் தடவிவிட்டதும் பிள்ளையின் அழுகை அடங்குவதை யார்தான் கண்டதில்லை? மெல்சாக், வோல் என்னும் இரு அறிஞர்கள் 1965-ல் இதற்கு ஒரு விளக்கம் கூறினர். நோவின் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில், முண்ணாணில் ஒரு வாயில் இருப்பதுபோலும். தொடுகையின் செய்தி அவ்வாயிலைச் சிறிது சாத்திவிடுகின்றது. மனத்தின் அச்சமும் அமைதியுங்கூட அதனைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவை. அவர்கள் கூறியவற்றுட் சில பின்னர் திருத்தப்பட்டபோதிலும் அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கின்றது. ஆகவே முதுகைத் தடவிவிடுதல், முழங்காலின் கீழ்த் தலையணை வைத்தல், விளக்கைத் தணித்தல், கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருத்தல் ஆகியவற்றை அற்பமென்று எண்ணாதீர்கள்.

ஆயினும், நோவைத் தணிப்பதற்கு முன்னர் அது சொல்வதைக் கேட்கவேண்டும். நோயாளி நோகின்றது என்றால் நோகின்றதுதான் என்பதை, மார்கோ மக்கஃபரி என்னும் அமெரிக்கத் தாதி 1968 முதல் தம் தொழிலினருக்கு வற்புறுத்தி வந்தார். "எங்கே நோகின்றது? பத்துக்கு எத்தனை என்று சொல்லலாம்? நேற்றையிலும் கூடவா, குறைவா?" என்று கேளுங்கள். பேச்சறியாக் குழந்தையாயின் சுளித்த முகமும், வயிற்றோடு மடக்கிய கால்களும், தேற்ற முடியாத அழுகையுமே அதன் சொற்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் கண்டாலே தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். முதியோருக்குக் கடும் நோயிலும் காய்ச்சல் ஏறாதிருக்கக்கூடும். திடீரென வந்த புத்தி மயக்கமே அறிகுறியாகலாம். நம் தாய்மாரோ, சமையலை முடித்த பின்னரே தம் நோவைச் சொல்பவர்கள். அவர்களைக் கேளாமல் விடாதீர்கள்.

இப்பொழுது தொடக்கத்திற் சொன்ன காய்ச்சலுக்கு வருவோம். 1934-35-ல் மலேரியா இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. அந்நோயில் வியர்வை கண்டால் அம்முறைக் காய்ச்சல் விட்டது என்று பொருள். 2016-ல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 2017-ல், டெங்கு நோயென ஐயுற்று அறிவிக்கப்பட்டோர் தொகை 186,000-ஐத் தாண்டிற்று. டெங்குவின் வழி வேறு. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலே, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் தறுவாயில், சிலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்ணிய குழாய்களிலிருந்து வெளியே கசிகின்றது. இக்கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். இரத்தம் குறையவே, இருதயத்தையும் மூளையையும் காக்கும்பொருட்டு உடல் தோலின் குழாய்களைச் சுருக்கிவிடுகின்றது. அதனாற் கைகால்கள் சில்லிடுகின்றன.

சகோதரிகளே, இவ்விடத்தை ஊன்றிக் கவனியுங்கள். காய்ச்சல் ஏறும்போதும் கை குளிர்கின்றது. இங்கே காய்ச்சல் இறங்கிய பின்னும் கை குளிர்கின்றது. முன்னையது உடல் சூட்டைச் சேமிப்பது. பின்னையது உடல் உயிரைச் சேமிப்பது. அவ்வேளையில் வெப்பமானி "சுகம்" என்றே சொல்லும். உண்மையைச் சொல்வது நோவும் மற்ற அறிகுறிகளுமே. வயிற்றில் கடும் நோவு, ஓயாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், அளவுக்கு மிஞ்சிய சோர்வு அல்லது அமைதியின்மை, குளிர்ந்த கைகால்கள், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை — இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். வயிற்று நோவை வாய்வு என்று எண்ணி ஓமம் கொடுத்துத் தூங்கவைக்கும் நேரம் அதுவன்று.

டெங்கு என்னும் ஐயம் உள்ளவரை அஸ்பிரின், இபுப்புரோபன், டைக்குளோபினக், மெபனமிக் அசிட் ஆகிய நோவு மருந்துகளைத் தொடவே வேண்டாம். அவை இரத்தப்பெருக்குக்கு இடமளிக்கும். பரசிற்றமோல் ஒன்றே போதும். அதையும் வைத்தியர் சொன்ன அளவில், ஆறு மணித்தியால இடைவெளியில் மட்டுமே கொடுக்கலாம். காய்ச்சல் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டினால் ஈரல் கெடும். வெறும் தண்ணீரை மட்டும் கொடாமல் இளநீர், கஞ்சி, ஜீவனி முதலியவற்றைக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் கலந்திருந்தால் அவை அதனை மறைத்துவிடும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்வித்தலும் அவசியம்.

இறுதியாக, பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றைப் படுக்கையருகில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம், சூடு, கொடுத்த குளிசை, குடித்தது எவ்வளவு, சிறுநீர் எத்தனை முறை, நோவு எங்கே, எவ்வளவு என்று வரிசையாக எழுதிவாருங்கள். காய்ச்சல் விட்ட நாளிலும் அதனை மூடாதீர்கள். மேலும் இரண்டு நாட்கள் முழுதும் எழுதி, தேவை நேர்ந்தால் வைத்தியரிடம் அதனையே நீட்டுங்கள். களைத்துப்போன தாய் மறந்துவிடக்கூடியதை அக்கொப்பி மறவாது.