அம்மியில் நீங்களே அரையுங்கள்

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பாரம்பரிய உணவுத் திருவிழா நடந்தது. கேழ்வரகுப் புட்டு, கம்பங்கூழ், குதிரைவாலிப் பொங்கல், வரகு முறுக்கு என்று மேசை நிறையப் பண்டங்கள். சமைத்தவர்கள் அத்தனை பேரும் மாணவிகள். மாணவர்கள் பந்தல் போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள், முதல் ஆளாகச் சாப்பிட்டார்கள். சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பேசினார். பாக்கெட் மாவும் மிக்ஸியும் வந்த பிறகுதான் நம் பெண்களின் உடம்பு கெட்டதாம். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தவர்களுக்கெல்லாம் சுகப்பிரசவம் ஆனதாம். இன்றைய பெண்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்களாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தாவின் அக்கா தலைப்பிரசவத்தில் போனவர். அவரும் அம்மியில்தான் அரைத்தார். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒருத்தியின் பெயர் கிடைக்கும். சிரியாவில் அபு ஹுரேரா என்ற புதிய கற்காலக் குடியிருப்பைத் தோண்டியபோது கிடைத்த பெண்களின் எலும்புகளில் முதுகும் முழங்காலும் கால் கட்டைவிரலும் தேய்ந்து சிதைந்திருந்தன. மண்டியிட்டுக் கல்லில் தானியம் அரைத்ததன் தடம் அது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அரைப்பது உடற்பயிற்சி என்று மேடையில் சொல்பவர்களுக்கு அந்த எலும்புகள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பதில் வைத்திருக்கின்றன.

போன ஆண்டு, ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் விடுமுறைக்கு உச்சிப்புளிக்கு வந்தாள். பெட்டியில் ஒரு பாக்கெட் மாவு. "மாசா மாவு அத்தை. மெக்சிகோக்காரங்க ரொட்டி சுடுறது" என்றாள். மளிகைக் கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளோர் அல்ல அது. அது வெறும் ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்க உதவும். பஞ்சாபிகள் ரொட்டி தட்டும் மக்காச்சோள மாவும் அல்ல. அந்த மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்தாலும் ஓரம் விரிந்து உதிரும். மாசா மாவோ வெதுவெதுப்பான தண்ணீர் விட்டதும் களிமண் மாதிரி ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் மூடி வைத்து, உருட்டி, இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டினோம். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போட்டதும் சின்னதாக உப்பியது. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கோடு சாப்பிட்டோம்.

என் அம்மா முதலில் மாவை முகர்ந்து பார்த்தார். "என்னத்தா இது, சுண்ணாம்பு வாட அடிக்குது?"

"ஆமா அப்பத்தா, சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்ச சோளம்தான்."

ஐம்பது வருடமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் மூக்குக்கு அது தெரிந்துவிட்டது. பிறகு அம்மா சொன்னது வேறு ஒரு கதை. "நாங்க பள்ளிக்கூடத்துல தின்ன மஞ்ச மாவு இப்படி ஒட்டாது. உதிரும். ஒரு மக்கிப்போன வாட வரும்." காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு, 1960களில் கேர் என்ற அமெரிக்க நிறுவனம் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் சமையல் எண்ணெயும் கொடுத்தது. அந்த மாவைத்தான் உப்புமாவாகக் கிண்டிப் போட்டார்கள். அம்மா தலைமுறைக்கு மக்காச்சோளம் என்றால் அந்த உப்புமா. எங்களுக்கு அது கோழித்தீவனம். என் அண்ணன் மகளுக்கு அது சனிக்கிழமை இரவுச் சாப்பாடு. ஒரே தானியம்தான், கைமாறும்போது அதன் மரியாதை மாறிவிடுகிறது.

மரியாதை மட்டுமா மாறுகிறது? அறிவும் தொலைகிறது. என் கோபத்தின் முதல் பாதி இதுதான்.

மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவி அரைத்தார்கள். அப்படிப் பக்குவம் செய்த சோளத்துக்கு நிஷ்டமல் என்று பெயர். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மாவை ஒட்ட வைக்கிறது, கால்சியம் சேர்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்காச்சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் தானியத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதைப் பக்குவம் செய்யும் முறையை, அது பெண்களின் அடுப்படிச் சங்கதிதானே என்று விட்டுவிட்டார்கள். விளைவு, பெல்லாக்ரா என்ற நோய். தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலித்து, கடைசியில் சாவு. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கொன்றது. அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914 முதல் போராடி நிறுவ வேண்டியிருந்தது. குறைந்தது நியாசின்தான் என்பது தெரிய 1937 ஆயிற்று. அந்தத் தென் மாநிலங்களில் இறந்தவர்களில் பெண்களே அதிகம். வீட்டில் இருந்த கொஞ்சம் பாலும் இறைச்சியும் முதலில் ஆணின் தட்டுக்குப் போனது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நமக்குத் தெரியாத காரணமா இது? மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்கு, தலையும் வாலும் யாருக்கு என்பது இந்தக் கடற்கரையில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தரவேண்டாத பாடம்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பேச்சாளர் எழுந்து நிற்பார். "பார்த்தீர்களா, பாரம்பரிய அறிவு எவ்வளவு உயர்ந்தது!" என்பார். உட்காருங்கள் ஐயா, நான் இன்னும் முடிக்கவில்லை. பாரம்பரியம் என்பதாலேயே எதுவும் அமுதம் ஆகிவிடாது. சோளத்தையே தின்று வாழ்ந்த தக்காணத்து ஏழைகளிடமும் பெல்லாக்ரா இருந்தது. ஐதராபாத் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1960களில் அதை ஆராய்ந்தார்கள்.

அறிவை மதிப்பது வேறு, அந்த அறிவைச் சொல்லிக் கையைக் கல்லோடு கட்டிப்போடுவது வேறு. என் கோபத்தின் மறுபாதி இது.

ஊறிய சோளத்தை மெக்சிகோப் பெண்கள் மெட்டாட்டே என்ற சாய்வான கல்லில் மண்டியிட்டு அரைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். விடியுமுன் தொடங்க வேண்டும், மறுநாளும் தொடங்க வேண்டும், ஏனென்றால் ஈர மாவு தங்காது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிராமங்களுக்கு மாவு மில் வந்தது. யார் எதிர்த்தார்கள் தெரியுமா? ஆண்கள். டெபோஸ்ட்லான் என்ற ஊரைப் பற்றி ஆஸ்கர் லூயிஸ் 1951இல் வெளியிட்ட ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது. கல்லில் அரைத்த ருசி வராது, பெண்கள் வேலையற்று ஊர் சுற்றுவார்கள், கெட்டுப்போவார்கள் என்று பயந்தார்கள். பெண்கள் விடவில்லை. மில் நிலைத்தது. 1930களில் லாசரோ கார்தெனாஸ் ஆட்சிக் காலத்தில் பெண்கள் சங்கம் வைத்து அரசிடம் கேட்டவற்றில் முக்கியமானது மாவு மில். நிலமும் ஓட்டும் கேட்டவர்கள்தான் மில்லும் கேட்டார்கள். விடுதலை என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் முதல் பொருள் விடிகாலைத் தூக்கமாக இருந்திருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2011இல் தமிழ்நாடு அரசு குடும்ப அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அன்று தேநீர்க் கடையில் இருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே ஏளனம்: இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள். 2018இல் வந்த 'சர்க்கார்' படத்தில் இலவச மிக்ஸியையும் கிரைண்டரையும் தூக்கி நெருப்பில் போடும் காட்சி இருந்தது. ஆளும்கட்சியின் எதிர்ப்பால் அது வெட்டப்பட்டது. வெட்டியது சரியா தவறா என்று வாரக்கணக்கில் பேசினார்கள். அந்த கிரைண்டர் யாருடைய தோள்பட்டையைக் காப்பாற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. எரிப்பவருக்கு அது அரசியல் லஞ்சம். அதிகாலை நான்கு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போய்த் திரும்பி, கூடை சுமந்து விற்று, பிறகு இட்லிக்கு ஆட்ட வேண்டியிருந்த பாம்பன் பெண்ணுக்கு அது ஒரு மணி நேரம். லஞ்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாழ்நாளில் வேறு யார் அவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்?

கணக்குச் சொன்னால்தான் நம்புவேன் என்பவர்களுக்காக: 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொட்டுப் பார்த்த ஆண்கள் 100க்கு 26 பேர்தான். மிச்சம் 74 பேர் தொடவே இல்லை. பாரம்பரிய உணவைப் பற்றி மேடையில் பேசும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். அம்மியில் அரைத்த மிளகாய்க்கு ருசி கூடுதல்தான். எங்கள் முண்டு மிளகாயை அம்மியில் அரைத்து வைத்த மீன் குழம்பை நான் மறுக்க மாட்டேன். பாக்கெட் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. மாசா மாவைப் பெருந்தொழிலாக்கிய நிறுவனம் 1949இல் மெக்சிகோவில் தொடங்கி இன்று உலகம் முழுக்க விற்கிறது. அதன் நிழலில் தெருமுனை மில்கள் நசுங்கியதும் உண்மை. பெண்களின் மூவாயிரம் ஆண்டு வேதியியல் ஒரு கம்பெனியின் முத்திரைக்குள் போய்விட்டது. ஆனால் அதற்கு மாற்று, பெண்ணை மறுபடியும் கல்லின் முன்னால் மண்டியிட வைப்பது அல்ல. பெண்கள் கையில் இருக்கும் மில்தான் மாற்று. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து ஊர்களில் குதிரைவாலியை உமி நீக்க உரலில் குத்திக் குத்தித் தோள் கழன்ற கிழவிகளிடம் கேளுங்கள். அவர்கள் ஏன் ரேஷன் அரிசிக்கு மாறினார்கள் என்று சொல்வார்கள். நாகரிக மோகத்தால் மாறவில்லை, கை வலியால் மாறினார்கள். சிறுதானியம் திரும்பி வர வேண்டுமென்றால் அந்த ஊர்களுக்கு உமி நீக்கும் இயந்திரம் வேண்டும். அதை மகளிர் குழுக்கள் நடத்த வேண்டும். திருவிழாவும் பொன்னாடையும் பிறகு வரட்டும்.

என் மாணவிகளே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை உணவுத் திருவிழா என்று அறிவிப்பு வந்தால், அரைப்பது யார், கழுவுவது யார் என்று முதலில் கேளுங்கள். இந்த மாவட்டத்தில் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தெருக்கள் இருக்கின்றன. நான்கு தண்ணீரில் கழுவச் சொல்லும் சமையல் குறிப்புக்குப் பின்னால் நான்கு நடை இருக்கிறது. மாணவர்களும் மாவு பிசையட்டும். உங்கள் ஆச்சியிடம் கேட்டு எழுதிய செய்முறைக்குக் கீழே ஆச்சியின் பெயரை எழுதுங்கள். சிறப்பு விருந்தினர் அம்மியைப் புகழ்ந்தால், மேடையிலேயே ஒரு அம்மியும் குழவியும் வையுங்கள். பேசி முடிக்கும்வரை அரைக்கட்டும். நான் இந்த முறை கைதட்ட மாட்டேன், பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துக் கொடுப்பேன்.

அண்ணன் மகள் ஊருக்குத் திரும்பிப் போய்த் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பத்தா, அடுத்த தடவ வரும்போது அந்த மாவு எத்தன பாக்கெட் கொண்டுவர?"

"ரெண்டு கொண்டா" என்றார் அம்மா. "அதுக்குள்ள சுடப் பழகிக்கிறச் சொல்லு உங்கப்பன."